பதினோரு இலக்கம் பதின்மூன்றான கதை



ஒரு வீட்டில் இராச்சாப்பாட்டு நேரத்தில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் மகன், "அம்மா, நாளைக்கு இரவு எங்கட வேலையிடத்திலை ஒரு மைக்கிரேசன் இருக்கு. நான் வரப் பிந்தும்" என்றான். தாயார் கையில் எடுத்த சோற்றைக் கோப்பையில் வைத்துவிட்டு, "ஏனப்பு, ஆரைத் திருப்பி அனுப்பப் போறாங்கள்?" என்று கேட்டார்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைக் கடிதத் தலைப்பில் கண்டாலே கை நடுங்கிய ஒரு காலம் எங்களில் பலருக்கு இருந்தது. மகன் சொன்ன மைக்கிரேசன் ஆட்களைப் பற்றியது அல்ல. கணனியில் தகவல்களை வைத்திருக்கும் அட்டவணைகளின் அமைப்பை மாற்றுகின்ற வேலைக்கு மென்பொருள் எழுதுபவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. இடம்பெயர்வு என்று தமிழில் சொல்லலாம். வீடு மாறும்போது சாமான்கள் உடையாமல், தொலையாமல் போய்ச் சேரவேண்டும் என்ற அதே கவலைதான் இதிலும் இருக்கிறது.

இதைப்பற்றி வானொலியில் ஏன் பேசவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. எங்கள் பிள்ளைகள் சிலர் கணனித் துறையில் லேரே செய்கிறார்கள். அவர்கள் செய்யும் வேலை என்னவென்று வீட்டில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. மற்றது, இந்த நாட்டில் வாழும் ஒவ்வொருவருடைய பெயரும் ஏதோ ஓர் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணை மாறும்போது தவறிப்போகக்கூடியது உங்களுடைய ஓய்வூதியக் கணக்காகவும் இருக்கலாம்.

நிரையும் நிரலும்

ஊரிலே பள்ளிக்கூட இடாப்புப் பார்த்திருப்பீர்கள். ஆசிரியர் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, தொடர் இலக்கம், பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், விலாசம் என்று தலைப்புப் போட்டிருப்பார். குறுக்கே பார்த்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிரை. நெடுக்கே பார்த்தால் ஒரு விபரத்துக்கு ஒரு நிரல். தரவுத்தளம் என்று சொல்வதும் அடிப்படையில் இதுதான். பல இடாப்புகள், ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டு, கணனிக்குள் இருக்கின்றன.

எந்தெந்த நிரல்கள் இருக்கும்? அவற்றில் எழுத்து வருமா, எண் வருமா, திகதி வருமா? எத்தனை எழுத்துகள் கொள்ளும்? வெறுமையாக விடலாமா? ஒரே எண் இரண்டு பேருக்கு வரலாமா? இந்த விதிகள் எல்லாம் சேர்ந்ததுதான் அட்டவணையின் சட்டகம். ஸ்கீமா என்று துறையில் சொல்வார்கள்.

காகித இடாப்பில் புதிதாக ஒரு நிரல் வேண்டுமென்றால் ஓரத்தில் ஒரு கோடு கீறிவிடலாம். இணையத்தளத்தில் அது இலகுவல்ல. அந்த அட்டவணையை நம்பி ஒரு மென்பொருள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு நிரலின் பெயரை மாற்றிய அந்தக் கணத்திலே, பழைய பெயரைத் தேடிவரும் மென்பொருள் அது கிடைக்காமல் விழுந்துவிடும். ஓடுகிற புகையிரதத்தில் சில்லு மாற்றுவது போன்ற வேலை இது.

நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்

இணையச் செயலிகளை எழுதுபவர்கள் பைதன், ரூபி, ஜாவா, பி.எச்.பி. போன்ற மொழிகளில் எழுதுகிறார்கள். தரவுத்தளத்துக்கோ எஸ்.கியூ.எல். என்ற வேறொரு மொழிதான் விளங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். அந்த வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு ஓ.ஆர்.எம். என்று பெயர். பைதனில் ஜாங்கோவுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. ரூபியில் ரெயில்ஸ் சட்டகத்தோடு வருவது அக்டிவ் ரெக்கோர்ட். ஜாவாவில் ஹைபர்நேட், பி.எச்.பி.யில் டொக்ரின் என்று ஒவ்வொரு மொழிக்கும் ஒன்று உண்டு.

கெமைண்டே அலுவலகத்தில் அம்மாவுக்கும் அலுவலருக்கும் நடுவில் பத்து வயதுப் பிள்ளை நின்று மொழிபெயர்த்ததை எங்கள் குடும்பங்கள் மறந்திருக்காது. பிள்ளை சொல்லுக்குச் சொல் சரியாகச் சொல்லும். ஆனால் அம்மா ஏன் அதைக் கேட்கிறார், பின்னாலே என்ன கதை இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியாது. ஓ.ஆர்.எம். அந்தப் பிள்ளையைப் போன்றது. வேலை சுத்தம். நோக்கம் தெரியாது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நாடு முழுவதற்கும் நடந்த மாற்றம்

இப்போது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மாற்றத்தைப் பார்ப்போம். ஆஹாஃபௌ என்று நாங்கள் சொல்லும் முதியோர் காப்புறுதி, பிரெஞ்சு மொழிப் பகுதியில் ஆவேஎஸ் என்பார்கள், 1948 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வந்து வேலைக்குப் போன எங்கள் ஆட்களுக்குக் கிடைத்த சாம்பல் நிற அட்டையில் ஒரு பதினோரு இலக்க எண் இருந்தது.

அந்த எண்ணுக்குள் ஒரு மனிதருடைய விபரமே அடங்கியிருந்தது. முதல் மூன்று இலக்கங்கள் குடும்பப் பெயரிலிருந்து வந்தவை. அடுத்த இரண்டும் பிறந்த ஆண்டு. அதற்கடுத்த மூன்றில் முதலாவது, ஆண் என்றால் 1 முதல் 4 வரை, பெண் என்றால் 5 முதல் 8 வரை. அது ஆண்டின் எந்தக் காலாண்டில் பிறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லும். மற்ற இரண்டும் அந்தக் காலாண்டின் எத்தனையாவது நாள் என்பது. ஒன்பதாவது இலக்கத்தைப் பார்த்தே இவர் சுவிஸ் குடியுரிமை உள்ளவரா வெளிநாட்டவரா என்று சொல்லிவிடலாம். 1960 ஜனவரி 1ஆம் திகதி பிறந்தவர் என்று பதியப்பட்ட ஓர் ஆணின் எண்ணில் 60, பிறகு 101 என்று வரும். அதே திகதியில் பிறந்த பெண்ணுக்கு 60, பிறகு 501.

கெட்டித்தனமான ஏற்பாடு போலத்தான் தெரியும். ஆனால் பெயர் மாறினால் எண் மாறவேண்டும். கலியாணம் கட்டிப் பெயர் மாறிய பெண்ணுக்குப் புதிய எண். பிறந்த திகதியைத் திருத்தினாலும் பழைய எண் பொய்யாகிவிடும். எங்கள் ஆட்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத ஓரிடத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். கந்தையா சிவகுமார் என்றால் கந்தையா தகப்பன், சிவகுமார் பிள்ளை. இங்கே படிவத்தில் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு பெட்டிகள். எதை எதற்குள் எழுதினோம் என்பது அன்றைக்கு யார் மொழிபெயர்த்தார் என்பதைப் பொறுத்தது. அந்தப் பெட்டியிலிருந்துதான் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களும் பிறந்தன.

2008 ஜுலை 1ஆம் திகதி முதல் இந்த எண் பதின்மூன்று இலக்கமாக மாற்றப்பட்டது. முதல் மூன்று இலக்கம் எல்லோருக்கும் 756. அது சுவிற்சர்லாந்துக்கு உரிய நாட்டு எண். அடுத்த ஒன்பது இலக்கங்களுக்கு எந்தப் பொருளும் இல்லை. பெயரும் இல்லை, வயதும் இல்லை, ஆணா பெண்ணா என்றும் இல்லை, எந்த நாட்டவர் என்றும் இல்லை. கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கு. இந்த எண்களை வழங்குவது ஜெனீவாவில் இருக்கும் மத்திய ஈட்டு அலுவலகம்.

சரிபார்ப்பு இலக்கம் எப்படி வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். உதாரணத்துக்கு 756.9217.0769.85 என்ற எண்ணை எடுப்போம். முதற் பன்னிரண்டு இலக்கங்களில் ஒற்றை இடத்தில் இருப்பவற்றை அப்படியே கூட்டுங்கள்: 7, 6, 2, 7, 7, 9. மொத்தம் 38. இரட்டை இடத்தில் இருப்பவற்றைக் கூட்டுங்கள்: 5, 9, 1, 0, 6, 8. மொத்தம் 29. அதை மூன்றால் பெருக்கினால் 87. இரண்டையும் கூட்டினால் 125. அடுத்த பத்தின் மடங்கு 130. வித்தியாசம் 5. அதுதான் கடைசி இலக்கம். கடையில் வாங்கும் பால் பெட்டியின் பட்டைக்கோட்டு எண்ணுக்கும் இதே கணக்குத்தான். யாராவது ஓர் இலக்கத்தைப் பிழையாகத் தட்டினால் கணனி உடனே பிடித்துவிடும்.

பிறகு என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 2013 ஜனவரி 1ஆம் திகதி பெயர்ச் சட்டம் மாறியது. கலியாணத்தின் பின்னும் அவரவர் தம் பெயரையே வைத்திருக்கலாம் என்று வந்தது. 2022 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து, பதிவேட்டில் உள்ள பாலினத்தை எளிய நடைமுறையில் மாற்ற வழி வந்தது. இரண்டு மாற்றங்களும் பதின்மூன்று இலக்க எண்ணை அசைக்கவில்லை. அந்த எண்ணில் பெயரும் இல்லை, பாலினமும் இல்லை. அடையாள எண்ணிலே பொருளை ஏற்றாதே என்று தரவுத்தளப் பாடத்தில் சொல்லித்தருவதை இந்த நாடு செய்து காட்டியிருக்கிறது.

ஒரு சிறிய மென்பொருளுக்குள் அது என்ன செய்தது?

இப்படி ஒரு மாற்றம் வந்தால் ஊழியர்களின் பட்டியலை வைத்திருக்கும் ஒவ்வொரு மென்பொருளிலும் என்ன மாற வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலாவது, இடம். பழைய எண்ணைப் புள்ளிகளோடு எழுதினால் 14 எழுத்துகள். புதிய எண் 16 எழுத்துகள். 14 எழுத்துக் கொள்ளும் நிரலில் 16 எழுத்தைத் திணித்தால் ஒன்றில் கணனி மறுக்கும், அல்லது சத்தமில்லாமல் கடைசி இரண்டையும் வெட்டிவிடும். மறுத்தால் நல்லது. வெட்டினால்தான் ஆபத்து.

இரண்டாவது, தொடுப்பு. பழைய எண்ணையே ஆளுக்குரிய திறவுகோலாக வைத்து, சம்பளப் பட்டியல், விடுமுறைப் பட்டியல், காப்புறுதிப் பட்டியல் எல்லாவற்றையும் அதிலே தொடுத்திருந்தால், எண் மாறும்போது எல்லாத் தொடுப்பும் அறும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணைக் கணக்குப் போட்டு எடுக்க முடியாது. புதிய எண்ணில் பொருளே இல்லையே! ஆளுக்கு ஆள் பொருத்தித்தான் பெறவேண்டும். எத்தனை கெட்டிக்காரக் கணனியாக இருந்தாலும் தானாக அதைச் செய்ய இயலாது.

மாற்றத்தைக் கோப்பாக எழுதிவைத்தல்

முந்திய காலத்தில் தரவுத்தளப் பொறுப்பாளர் ஒருவர் இரவிலே உட்கார்ந்து கையாலே கட்டளைகளைத் தட்டி மாற்றுவார். என்ன தட்டினார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பரீட்சார்த்தக் கணனியில் செய்ததை உண்மையான கணனியில் செய்ய மறந்துவிடுவார். இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்ததுதான் மைக்கிரேசன் கோப்பு.

ஒவ்வொரு சட்டக மாற்றமும் ஒரு சிறிய கோப்பு. இந்த நிரலைச் சேர், அந்த அட்டவணையை உருவாக்கு என்று அதில் எழுதியிருக்கும். கோப்புகளுக்கு வரிசை உண்டு. எந்தக் கோப்புவரை ஓடி முடிந்தது என்பதைத் தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரு சின்ன அட்டவணை குறித்து வைத்திருக்கும். புதிய கணனிக்குப் போனாலும் முதலாவது கோப்பிலிருந்து கடைசிவரை ஓட்டினால் அதே சட்டகம் வந்துவிடும். மருத்துவரிடம் இருக்கும் தடுப்பூசிப் புத்தகம் போல. எது போட்டாயிற்று, எது மிச்சம் என்பது அதிலே இருக்கும்.

ரெயில்ஸ் சட்டகம் இந்த முறையைப் பரவலாக்கியது. தொடக்கத்தில் கோப்புகளுக்கு 1, 2, 3 என்று இலக்கமிட்டார்கள். இரண்டு பேர் ஒரே நாளில் தனித்தனியே 14ஆவது கோப்பை எழுதினால் மோதல் வரும். ஆகவே 2008இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து திகதியும் நேரமும் சேர்ந்த நீண்ட இலக்கம் இடத் தொடங்கினார்கள். ஜாங்கோவுக்கு அன்றூ கொட்வின் என்பவர் சவுத் என்ற கருவியை எழுதினார். பிறகு அவர் தலைமையில் அந்த வசதி ஜாங்கோவுக்குள்ளேயே கட்டப்பட்டு, 2014 செப்டெம்பரில் வந்த 1.7 பதிப்போடு வெளியானது.

இங்கேயே பார்க்கக்கூடிய உதாரணம் ஒன்றும் உண்டு. யுங்வாக்ட் பிளவ்ரிங் என்ற சிறுவர் அமைப்பின் உறுப்பினர் பட்டியலுக்காக பேர்ண் நகரின் பசல் ஐ.ரி.சி. நிறுவனம் ஹிட்டோபிட்டோ என்ற செயலியை ரெயில்ஸில் எழுதியது. ஜப்பானிய மொழியில் அதற்கு மக்கள் என்று பொருள். சாரணர் அமைப்பும் அதைப் பயன்படுத்துகிறது. அதன் மூலக் கட்டளைகள் எல்லோருக்கும் திறந்தவை. லேரே செய்யும் பிள்ளைகள் அதன் மைக்கிரேசன் கோப்புகளை வரிசையாக வாசித்துப் பார்த்தால், ஓர் அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு எப்படி வளர்ந்தது என்பது விளங்கும்.

நான் தொலைத்த பெயர்கள்

இனி என்னுடைய பிழையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தமிழ்ப் பள்ளியின் மாணவர் பட்டியலுக்கு நான் ஒரு சின்ன இணையச் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். ஏறக்குறைய 120 பிள்ளைகள். இடாப்பு வழக்கப்படி தகப்பன் பெயர் என்று ஒரு நிரல் வைத்திருந்தேன். பிறகு, வெளியே கொடுக்கும் பட்டியலில் குடும்பப் பெயர் வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கென்ன, தலைப்பை மாற்றினால் சரிதானே என்று நினைத்து, என் கட்டளைகளில் அந்த நிரலின் பெயரை மாற்றினேன்.

ஓ.ஆர்.எம். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தது. முன்பு இருந்த ஒரு நிரல் இப்போது இல்லை. முன்பு இல்லாத ஒரு நிரல் இப்போது இருக்கிறது. பெயரைத்தான் மாற்றினாயா என்று என்னிடம் ஒரு வரியில் கேட்டது. எதுவும் எழுதாமல் விட்டால் இல்லை என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை இரவு, களைப்பு. நான் வாசிக்காமலே பொத்தானைத் தட்டிவிட்டேன். பழைய நிரலை அழி, புதிய நிரலை வெறுமையாகச் சேர் என்று அது கோப்பு எழுதியது. அந்தக் கோப்பையும் திறந்து பார்க்காமல் ஓட்டினேன்.

மறுநாள் காலை வகுப்புப் பட்டியல்களை அச்சிட்டபோது ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. பதறிப்போய் மைக்கிரேசனைப் பின்னோக்கி ஓட்டினேன். தகப்பன் பெயர் என்ற நிரல் திரும்ப வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பின்னோக்கி ஓட்டினால் பெட்டி திரும்ப வரும், பெட்டிக்குள் இருந்தது வராது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். என்னிடம் இருந்த பிரதி மூன்று கிழமைக்கு முந்தியது. அதற்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன்.

அப்படிக் கேட்டபோதுதான் இன்னொரு பிழை தெரிந்தது. ஒரு தாயார் சொன்னார்: "தம்பி, தகப்பன்ரை பேர் வேறை, பிள்ளையின்ரை பதிவிலை இருக்கிற குடும்பப் பேர் வேறை. அது அவரின்ரை தகப்பன்ரை பேர். ஏன் இரண்டையும் ஒண்டாக்கிறியள்?" அவர் சொன்னது சரி. நான் அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லியிருந்தாலும் பிழைதான். தகப்பன் பெயரும் குடும்பப் பெயரும் ஒன்றல்ல. நிரலின் பெயர் மாறவில்லை, பொருளே மாறியிருந்தது. எந்தக் கருவியும் அதைக் கண்டுபிடிக்காது. வீட்டைக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். ஆஹாஃபௌ எண்ணை ஆளுக்கு ஆள் பொருத்த வேண்டியிருந்தது போல.

ஜாங்கோ இப்படியாவது ஒரு கேள்வி கேட்கும். பைதனில் எஸ்.கியூ.எல். அல்கெமியோடு பாவிக்கும் அலெம்பிக் கருவி தானாக எழுதும் கோப்பில், பெயர் மாற்றம் என்பது அழித்தலும் சேர்த்தலுமாகவே வரும். அதன் ஆவணமே இதை எச்சரிக்கிறது. எனவே கருவி எழுதியது வரைவு மாத்திரம். கையெழுத்துப் போடுவதற்கு முன் கடிதத்தை வாசிப்பது போல அதை வரிக்கு வரி வாசிக்க வேண்டும்.

முதலில் சேர், பிறகு நகர்த்து, கடைசியில் நீக்கு

அப்படியானால் சரியான முறை எது? அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றுதான். செம்மஞ்சள் நிறப் பணச்சீட்டு ஞாபகம் இருக்கிறதா? கியூ.ஆர். சீட்டு 2020 ஜுன் 30ஆம் திகதி அறிமுகமானது. அன்றைக்கே பழைய சீட்டை நிறுத்தவில்லை. 2022 செப்டெம்பர் 30ஆம் திகதிவரை இரண்டும் செல்லுபடியாகின. இரண்டே கால் ஆண்டு அவகாசம் கொடுத்துத்தான் பழையதை நிறுத்தினார்கள்.

தரவுத்தளத்திலும் இதே ஒழுங்குதான். முதற்படியில் புதிய நிரலைப் பழையதன் பக்கத்தில் சேர்க்கவேண்டும். அது வெறுமையாக இருக்க அனுமதி இருக்கவேண்டும். பழைய மென்பொருள் அதைக் கவனிக்காமல் தன்பாட்டில் ஓடும். இரண்டாம் படியில் புதிய மென்பொருளை ஏற்றவேண்டும். அது பழைய நிரலிலும் புதிய நிரலிலும் எழுதும். மூன்றாம் படியில் பழைய தகவல்களைப் புதிய இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தவேண்டும். கணக்கிட முடிந்ததைக் கணக்கிட்டு, முடியாததைக் கேட்டு நிரப்பவேண்டும். நான்காம் படியில் புதிய நிரலிலிருந்து மட்டும் வாசிக்கத் தொடங்கவேண்டும். எல்லாம் சரியென்று சில கிழமைகள் பார்த்த பிறகுதான், ஐந்தாவதாக, பழைய நிரலை நீக்கலாம்.

ஒரே இரவில் செய்தால் என்ன என்று இளம் பிள்ளைகள் கேட்பார்கள். பெரிய தளங்களில் ஒரே மென்பொருள் பல கணனிகளில் ஓடும். எல்லாவற்றையும் ஒரே கணத்தில் மாற்ற முடியாது. சில நிமிடங்களுக்காவது பழைய மென்பொருளும் புதிய மென்பொருளும் ஒரே தரவுத்தளத்தில் வேலை செய்யும். அந்த நேரத்தில் இருவருக்கும் விளங்கும் சட்டகம் இருக்கவேண்டும்.

தரவுத்தளங்களின் குணத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு மைக்கிரேசன் பாதியில் பிழைத்தால், பெரும்பாலான மாற்றங்களைத் தொடங்கிய நிலைக்கே திருப்பிவிடலாம். மைஎஸ்கியூஎல்லில் ஒவ்வொரு சட்டக மாற்றமும் அந்தக் கணமே உறுதியாகிவிடும். ஐந்து மாற்றங்களில் மூன்றாவது பிழைத்தால் முதல் இரண்டும் நடந்தது நடந்ததுதான். ஆகவே அங்கே ஒரு கோப்புக்கு ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்வது புத்தி.

இன்னும் இரண்டு சின்ன விதிகள். ஏற்கெனவே ஓடி முடிந்த மைக்கிரேசன் கோப்பைத் திருத்தக்கூடாது. பிழை இருந்தால் அதைச் சரிசெய்ய இன்னொரு கோப்பு எழுதவேண்டும். மற்றது, எண்போலத் தெரிவதெல்லாம் எண் அல்ல. சூரிச்சின் 01 என்ற தொலைபேசிக் குறி 2007இல் 044 ஆனது. தொலைபேசி இலக்கத்தை எண் என்று சேமித்திருந்தால் முன்னாலுள்ள பூச்சியம் காணாமற் போய்விடும். கூட்டிக் கழிக்காத இலக்கத்தை எழுத்தாகவே வைத்திருங்கள்.

பிரதியும் ஒத்திகையும்

ஊரில் இடம்பெயர்ந்த காலத்தில் பிறப்புச் சான்றிதழின் போட்டோக்கொப்பி ஒன்றைச் சித்தி வீட்டிலும் ஒன்றை மாமா வீட்டிலும் கொடுத்துவைத்த குடும்பங்கள் உண்டு. ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்ற எண்ணம். மைக்கிரேசனுக்கு முன்னரும் அதேதான். முதலில் பிரதி எடுக்கவேண்டும். அந்தப் பிரதியிலிருந்து உண்மையிலேயே திரும்ப ஏற்ற முடிகிறதா என்று ஒருதரம் செய்து பார்க்கவேண்டும். திறந்து பார்க்காத பிரதி பிரதியே அல்ல.

பிறகு பரீட்சார்த்தக் கணனியில் ஒத்திகை. இங்கே ஓர் எச்சரிக்கை. ஒத்திகைக்காக உண்மையான பட்டியலை அப்படியே மடிக்கணனியில் எடுத்துக்கொண்டு திரியாதீர்கள். 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், தங்கள் பெயர் எந்தப் பட்டியலில், யார் கையில் இருக்கிறது என்பது எங்கள் ஆட்களுக்கு ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. பெயர்களையும் விலாசங்களையும் மாற்றிவிட்டு ஒத்திகை பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

மென்பொருளோடு சம்பந்தமில்லாத நேயர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ஆஹாஃபௌவில் உங்கள் பெயரில் ஒரு தனிக் கணக்கு உண்டு. எந்த ஆண்டு எந்த வேலையிடத்திலிருந்து எவ்வளவு வருமானம் பதியப்பட்டது என்பது அதில் இருக்கும். பங்களிப்பு ஆண்டுகள் குறைந்தால் ஓய்வூதியமும் குறையும். இருபத்தைந்து வயதில் இங்கே வந்தவருக்கு ஏற்கெனவே சில ஆண்டுகள் குறைவு. இருக்கிற ஆண்டுகளில் ஒன்றும் தவறிப்போகக் கூடாது.

அந்தக் கணக்கின் பிரதியை ஈட்டு அலுவலகத்தில் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். ஜேர்மன் மொழியில் ஐ.கா. அவுஸ்சூக் என்பார்கள். பெயர் முன்னும் பின்னுமாக எழுதப்பட்டவர்கள், கலியாணத்தில் பெயர் மாறியவர்கள், பிறந்த திகதி திருத்தப்பட்டவர்கள், 2008க்கு முன் வேலை செய்தவர்கள் ஒருதரம் கட்டாயம் எடுத்துப் பாருங்கள். பழைய சம்பளத் துண்டுகளோடு ஒப்பிடுங்கள். பழைய சாம்பல் நிற அட்டை பெட்டிக்குள் கிடந்தால் எறியாதீர்கள். பங்களிப்புச் செலுத்தாமல் விடுபட்ட ஆண்டு இருந்தால் ஐந்து ஆண்டுகளுக்குள்தான் செலுத்தி நிரப்ப முடியும். ஆகவே பிற்போட வேண்டாம். மற்றபடி பதிவில் பிழை கண்டால் அத்தாட்சியோடு எழுதிக் கேளுங்கள்.

கணனித் துறையில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான். அட்டவணையின் ஒவ்வொரு நிரையும் ஓர் ஆள். கருவி கேட்கும் ஒற்றைக் கேள்வியை வாசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். விளங்காவிட்டால், அந்தப் பெயருக்கு உரியவரையே கேளுங்கள்.

அந்த மகன் அன்றிரவு வேலையை முடித்து வீடு வந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டதாம். தாயார் முழித்திருந்தார். "எல்லாரும் போய்ச் சேர்ந்திட்டினமோ?" என்று கேட்டாராம். "ஓம் அம்மா, ஒருத்தரும் விடுபடேல்லை" என்றானாம் மகன்.

அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம்.